நாற்பத்து மூன்று பேருக்கும் சொல்லியாச்சு

பிரின்சி இறந்தபின் அவள் சாமான்களைக் கட்டியவள் சோனியாதான். பதின்மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள், எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். சாமானும் அதிகமில்லை. நான்கு புடவை, எட்டு சுடிதார், கம்பெனி கொடுத்த ஸ்டீல் டிபன் கேரியர், ஒரு பைபிள், மூன்று கைப்பைகள். எந்தப் பையைத் திறந்தாலும் அடியில் நான்காக மடித்த செய்தித்தாள் ஒன்று இருந்தது. தாளில் தேய்ந்த செருப்பின் தடம் இருந்தது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு எந்த இடத்துக்குள்ளும் போகமாட்டாள் பிரின்சி. அடுத்த வீட்டுக்குப் போனாலும் கழற்றித் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். டாக்டர் அறை வாசலிலும் அப்படித்தான். முப்பத்தெட்டு வயதில் மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போனபோதும் செருப்பு பைக்குள்தான் இருந்தது. ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிரிப்பார்கள். "அக்கா, உன் செருப்ப எவன் தூக்கிக்கினு போவப் போறான்? விக்கிறதுக்குக்கூட ஆவாது" என்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். தாளை எடுக்கிற கை மட்டும் நிற்காது.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரி. அப்பா அந்தோணி கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா முன்பே இல்லை. அண்ணன் ஸ்டீவன் வெல்டிங் கற்றுக்கொண்டு மஸ்கட்டுக்குப் போய் அனுப்பிய பணத்தில் பிரின்சி பி.காம் முடித்தாள். முடித்த கையோடு ஜெகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே அப்பா போய்விட்டார்.

ஜெகன் குடிக்கமாட்டான். அக்கம்பக்கத்தில் அவனுக்கு நல்ல பெயர். கல்யாணமான புதிதில் அவன் வேலையில்லாமல் இருந்தபோது, அவனுடைய பயோடேட்டாவைப் பிரின்சிதான் தன் கல்லூரி நாளைய மெயிலிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கம்பெனிக்கு அனுப்பினாள். அவனுக்கும் ஒரு நகல் அனுப்பினாள். வேலை கிடைத்தது. கிடைத்த மறுநாளிலிருந்து, காலையில் கிளம்பும்போது அவளுடைய செருப்பை எடுத்து பைக்கின் பக்கப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

"ஊட்ல இருக்கறவளுக்கு செருப்பு இன்னாத்துக்கு?"

சாயங்காலம் வந்ததும் அவன் முதலில் பார்ப்பது அவள் காலைத்தான். பாதத்தில் மண் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு கேள்வி வரும். கடைக்குப் போனாயா? யாரிடம் பேசினாய்? அவள் இல்லை என்றால் பொய் என்பான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், "அப்ப ஆமான்னு அர்த்தம்" என்பான். அவளுடைய மௌனத்தை அவன் ஒரு தடவைகூட இல்லை என்று எடுத்துக்கொண்டதில்லை. அப்படி ஒரு மௌனத்துக்காக வாங்கிய அறையில்தான் இடது காது மந்தமாகிப்போனது.

இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரியில் ஒரு நாள் அவன் வேலைக்குப் போனபின், சர்டிஃபிகேட் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறினாள். திருவள்ளூர் பஸ் நிலையத்தில் ஒரு செருப்பு வாங்கினாள். மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பிறந்தவள் கிழக்குக் கோடிக்கு வந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு ஃபாக்டரியில் சேர்ந்தாள். சோனியாவின் அறையில் பாதி கிடைத்தது. அவள் இங்கே இருப்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். மஸ்கட்டில் இருந்த ஸ்டீவனுக்கு.

அந்த நாளில் வெளிநாட்டுக்கு போன் பேசுவது கட்டுபடியாகாது. வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்று மத்தியானம் ரெட்டம்பேடு சாலையில் மதன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவாள். நண்பர்கள் எழுதிக்கொள்கிற ஆர்குட் தளத்தில் அவள் பெயர் 'மழைத்துளி'. படம், காலண்டரில் இருந்த ஒரு கொழுகொழுக் குழந்தை. ஸ்டீவனும் அவள் பெயரை எழுதமாட்டான். ஆங்கில எழுத்தில் தமிழாக இரண்டு வரி இருக்கும். 'பாப்பா சாப்ட்டியா?' 'சாப்ட்டேன். நீ?' 'இன்னிக்கு குப்பூஸும் பருப்பும்.' அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு வந்தால் அடுத்த வியாழன் வரை அவளால் மூச்சுவிட முடியும்.

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. பிறகு ஆர்குட்டில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். ஒருநாள் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஸ்டீவனும் எழுதினான்: 'பாப்பா, கேம்ப்ல எல்லாரும் ஃபேஸ்புக் போய்ட்டாங்க. நீயும் வா. இத யாரும் தொறக்கறதில்ல.' அவள் பதில் எழுதினாள், வேண்டாம் என்று. அதற்குப் பிறகு மூன்று வியாழன் அவனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மூன்றாவது வியாழன் அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் அழுததை மதன் பார்த்துவிட்டான்.

மதன் நல்லவன். அதுதான் ஆபத்தாகிப்போனது. முப்பது வயது, இரண்டு குழந்தைகள், வாயில் எந்நேரமும் பேச்சு. கடை ஒரே அறை. ஒட்டுப்பலகை அடித்து ஆறு தடுப்பு, தடுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு துணித்திரை. ஏசிக்குத் தூசி ஆகாது என்று வாசலில் போர்டு எழுதியிருந்தான்: 'காலணிகளை வெளியே விடவும்'. அவனுடைய செருப்பு மட்டும் மேஜைக்கு அடியில் கிடக்கும். மூலையில் ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தது. அதில் கம்ப்யூட்டர் ஜாதகம் அடித்துக் கொடுப்பான்.

"இன்னா சிஸ்டர், இன்னும் ஆர்குட்ல குந்திக்கினு கீறீங்க? அங்க ஈதான் ஓட்டணும். ஊரே ஷிஃப்ட் ஆயிடுச்சு" என்றான். "நவுருங்க. நான் பண்ணித் தரேன். மெயில் ஐடி, பாஸ்வேர்டு இந்தச் சீட்டுல எழுதுங்க. உங்க கம்பெனி பேட்ஜ் குடுங்க. நீங்க போய்ப் பக்கத்துக் கடைல ஐடி ப்ரூஃப் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வாங்க, ரிஜிஸ்டருக்கு வேணும். போலீஸ்காரங்க செக் பண்றாங்க."

மெயில் பாஸ்வேர்டு எதற்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. மதனிடம் யாரும் கேட்டதில்லை. சிப்காட்டில் வேலை செய்கிற பாதிப்பேரின் பாஸ்வேர்டு அவனுடைய டைரியில் இருந்தது. ரேஷன் கார்டை நம்பிக் கொடுப்பதுபோலக் கொடுப்பார்கள்.

ஜெராக்ஸ் கடையில் கூட்டம். திரும்பி வரக் கால் மணி ஆனது. மதன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் பெருமையாகக் காட்டினான். பேட்ஜைப் பார்த்து எல்லாவற்றையும் நிரப்பியிருந்தான். பெயர் பிரின்சி அந்தோணி. வேலை செய்யும் கம்பெனி. ஊர் கும்மிடிப்பூண்டி. போன் நம்பர் இருந்த இடத்தில் கடை நம்பர். போன் இல்லாத எல்லா வாடிக்கையாளருக்கும் அவன் கடை நம்பரைத்தான் போடுவது. நேர்காணல் அழைப்பு, கூரியர் எல்லாம் அந்த நம்பருக்கு வரும், ஆளைக் கூப்பிட்டுச் சொல்வான். அதை ஒரு சேவையாகவே செய்துவந்தான்.

"பேரு இது வேணாம்ணா" என்றாள் பிரின்சி.

"சொந்தப் பேரு தாம்மா போடணும் இங்க. மழைத்துளி, பனித்துளி எல்லாம் அந்தக் காலம். அத்த விடுங்க, முக்கியமான மேட்டர் கேளுங்க. உங்க மெயில்ல எவ்ளோ பேரு கீறாங்களோ அத்தினி பேருக்கும் இன்விடேஷன் அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். ஊடு மாத்துனா நாலு பேருக்குச் சொல்லணுமா வேணாவா? பால் காய்ச்சறதுக்கு ஒருத்தர வுட்டுட்டா மூஞ்சத் தூக்கி வச்சிப்பாங்க. டிக் பண்ணவா வேணாவான்னு ஒவ்வொருத்தரா கேட்டுச்சு. நான் யாரையும் வுடல. நாப்பத்தி மூணு பேருக்கும் சொல்லியாச்சு."

பிரின்சி கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தாள். பட்டியலைக் காட்டச் சொன்னாள். கல்லூரித் தோழிகள், ஒரு லெக்சரர், வேலைக்கு எழுதிய கம்பெனிகள். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ இடத்தில் ஜெகனின் முகவரி, பக்கத்தில் டிக்.

"இத்தத் திருப்பி வாங்குண்ணா."

"போன தபால எப்டிமா திருப்பி வாங்கறது?" மதன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "யாராவது புடிக்காத ஆளா?"

அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் இந்த ஊரில் இன்னொருவருக்குத் தெரிந்துபோகும். கணக்கையே அழித்துவிடச் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஸ்டீவனின் வரி வந்து விழுந்தது. 'பாப்பா வந்துட்டியா! மூணு வாரமா உன்னையே தேடிக்கினு இருந்தேன்.' அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. கம்பெனிப் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னாள். மதன் எடுத்தான். ஊரையும் எடுத்தான். கடை நம்பர் அங்கேயே இருந்தது. இருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

அடுத்த ஏழு நாள் பிரின்சி எப்படி இருந்தாள் என்பது சோனியாவுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை விட்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். மூடிகளை எண்ணிப் போடுகிற இடத்தில் கணக்குத் தப்பித் தப்பி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற சோற்றுக் கவளம் அப்படியே நிற்கும். வலது காதைத் தெருப்பக்கம் திருப்பிக் கேட்பாள். சத்தம் தாண்டிப் போனபிறகுதான் விழுங்குவாள்.

"இன்னாடி ஆச்சு உனுக்கு? பேயி கீயி அடிச்சிச்சா?" என்று சோனியா கேட்டாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிட்சோன்னு பயமா கீதுடி."

"மெயில எவன் தொறந்து பாக்கறான்? காக்களூர்ல லேத்து ஓட்டறவன் கம்ப்யூட்டர் முன்னாடியா குந்திக்கினு இருக்கப் போறான்?"

பிரின்சிக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. நம்பியும் பார்த்தாள். ஆனாலும் வியாழக்கிழமை வரை பொறுத்திருந்து, முதல் வேலையாகக் கணக்கை அழித்துவிட்டு ஸ்டீவனைப் பழைய இடத்துக்கே வரச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வியாழன் மூன்றேகாலுக்குக் கடைக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான்கு மணிக்கு மின்வெட்டு. நான்கடித்தால் எல்லாத் திரையும் அணைந்துபோகும், மதன் மேஜைக்கு மட்டும் யூபிஎஸ். அதனால் மூன்றரைக்கு மேல் ஆட்கள் வருவதில்லை. மூன்றாம் தடுப்பில் உட்கார்ந்து, வழக்கம்போல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திறந்தாள்.

நட்புப் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழாவது ஜெகன். அழைப்பில் இருந்த வழியாகவே வந்து சேர்ந்திருந்தான். அவன் வைத்திருந்த படம் அவர்களுடைய கல்யாணப் படம். அவளும் அதில் இருந்தாள்.

"சிஸ்டர், சொல்ல மறந்துட்டேன்" என்று மேஜையிலிருந்தே மதன் குரல் கொடுத்தான். "உங்க ஊட்டுக்காரரு போன் பண்ணாரு திங்கக்கிழமை. கல்யாணம் ஆனதே சொல்லலயே நீங்க! சப்ரைஸா வரணும், சொல்லாதீங்கன்னாரு. நான்தான் வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டேனே. வியாழக்கிழமை மூணு மணிக்கு மேல இங்கதான் வருவாங்க சார்னு சொன்னேன்."

பிரின்சி எழுந்தாள். கதவைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"அண்ணா" என்றாள். "அவன் என்னைக் கொன்னுடுவான்."

மதன் எழுந்து வந்தான். அவள் ஒன்றரை வருடமாகச் சோனியாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை நான்கே வரியில் சொன்னாள். செருப்பு, பூட்டு, காது, வெறுங்காலோடு ஓடிவந்தது. மதன் கடையின் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தான். "பின்னாடி வழி இல்லையே சிஸ்டர்" என்றான். வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

பிரின்சி தடுப்புக்குள் குனிந்துகொண்டாள். மதன் துணித்திரையை இழுத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றான். அவன் என்ன பார்க்கிறான் என்று பிரின்சிக்குத் தெரியும். அவன் முதலில் எதைப் பார்ப்பான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வாசலில் இருந்தது ஒரே ஒரு ஜோடி செருப்பு. பெண் செருப்பு.

"உள்ள லேடீஸ் யாராச்சும் கீறாங்களா பாஸ்?" ஜெகனின் குரல். மாறவேயில்லை, அதே மரியாதையான குரல்.

"இல்ல சார்."

"செருப்பு கீதே."

"என் ஒய்ஃபோடது சார். காலைல சாப்பாடு கொண்டாந்துச்சு, வார் அறுந்துடுச்சின்னு என் செருப்பப் போட்டுக்கினு போய்ட்டுச்சு. நான் இப்ப வெறுங்கால்" என்றான் மதன். சொல்லிவிட்டுத் தன் காலை நீட்டியும் காட்டினான் போலிருக்கிறது. நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான் போன் பண்ணேன். பிரின்சி ஹஸ்பெண்டு."

"ஓ, நீங்கதானா! வாங்க சார். இன்னிக்கு இன்னும் வரலயே அவங்க. நாலு மணிக்கு கரண்டு கட்டு சார், இனிமே வந்தாலும் வேஸ்ட்டு."

"நாலு வரிக்கும் இருந்து பாக்கறேன். ஒரு சிஸ்டம் குடுங்க."

"ஐடி ப்ரூஃப் வேணும் சார். ரிஜிஸ்டர்ல எழுதணும்." மதன் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்தான். "லைசென்ஸ் ஜெராக்ஸ் வேணும், பக்கத்துக் கடைல..."

"ஒரு மணி நேரங்கூட இல்ல, இன்னா பாஸ் பேஜாரு பண்றீங்க. லைசென்ஸே இந்தாங்க, வச்சிக்கங்க." அடுத்த நொடி இரண்டாம் தடுப்பின் நாற்காலி இழுபட்டது.

பிரின்சிக்கும் அவனுக்கும் நடுவில் அரை அங்குல ஒட்டுப்பலகை. அவன் இருந்த பக்கம் அவளுடைய மந்தக் காது. வலது காதிலிருந்து ஹெட்ஃபோனை நகர்த்தி, தலையை மெல்லத் திருப்பி அந்தக் காதைக் கொடுத்தாள். அவன் மூச்சு விடுவது கேட்டது. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் மூன்று முப்பத்தெட்டு காட்டியது. நான்கு மணிக்குக் கரண்டு போகும். போனால் அவன் எழுந்து வெளியே வருவான். அவளுடைய தடுப்பைத் தாண்டித்தான் கதவு. திரை துணிதானே. ஒரு காற்று போதும்.

கணக்கை மூடிவிட வேண்டும் என்று மௌஸில் கை வைத்தாள். அதற்குள் ஜெகன் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழுந்தது.

பலகைக்கு அப்பால் விசைகள் தட்டப்பட்டன. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறான். அவள் ஹெட்ஃபோனில் 'டொக்' என்று ஒரு சத்தம். அவள் கை தானாக ஒயரைப் பின்தொடர்ந்து போய் இயந்திரத்தில் சொருகியிருந்த முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அது மட்டும் கழன்றிருந்தால் அந்த டொக் அறைமுழுக்கக் கேட்டிருக்கும்.

'எங்க கீற?'

கணக்கை மூடினால் பச்சைப் புள்ளி அணையும். அவன் எழுந்து கடையைச் சுற்றிப் பார்ப்பான். மூடாவிட்டால் பேச வேண்டும். அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். 'டக்' என்றது விசை. அப்பால் அவனுடைய நாற்காலி நகர்வது நின்றது. அவள் விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் அதுவும் சத்தம் போடும்.

அப்போதுதான் மூலையில் டாட் மேட்ரிக்ஸ் அலறத் தொடங்கியது.

"மன்னிச்சிக்கங்க சார்" என்று மதன் கத்தினான். "ஒரு ஜாதகம் அவசரமா கேட்டாங்க. முப்பத்தாறு பக்கம்."

கர்ர் கர்ர் என்று ஊசிகள் தாளைக் கிழிக்கிற அந்தச் சத்தத்தில் பிரின்சி அடித்தாள். வரி ஓடும்போது அடிப்பாள், பிரிண்டர் மூச்சு வாங்கும்போது நிறுத்துவாள்.

'என்ன விட்டுடு.'

'எங்க கீறன்னு கேட்டேன்.'

'தேடாத. அண்ணன் வந்துகீறான், அவன்கூட வெளியூரு போறேன். இன்னும் ரெண்டு மணி நேரத்துல வண்டி.'

பிரிண்டர் நிற்கிற இடைவெளியில், பலகைக்கு அப்பால் அவன் மூச்சு பெரிதாகக் கேட்டது. மூன்று நாற்பத்தாறு.

'எந்த ஸ்டேஷன்?'

அவள் விரல்களை விசைமேல் வைத்தாள். சென்ட்ரல் என்று அடிக்கப் போனாள். அடித்தால் நம்பமாட்டான். அவள் வாயால் சொன்ன எதையும் அவன் நம்பியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததை மட்டும்தான் நம்புவான். அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிரிண்டர் ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனது.

'கேக்கறேன் இல்ல?'

அவள் அசையவில்லை.

'சென்ட்ரலா?'

பற்களைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன் சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்று இதேபோலத்தான் பேசாமல் நின்றாள். அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இன்று மூட முடியவில்லை.

'பதில் இல்லன்னா ஆமான்னு அர்த்தம்' என்று வந்தது.

அப்பால் நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. "பாஸ், லைசென்ஸ் குடு. கெளம்பறேன்."

"இருங்க சார், வருவாங்க..." என்றான் மதன். அப்படிச் சொல்ல அவனுக்கு எப்படித் தோன்றியது என்று அவனுக்கே பிறகு தெரியவில்லை.

"வரமாட்டா."

கதவு திறந்தது. மூடவில்லை. வாசலில் நிற்கிறான். செருப்பை இன்னொரு தடவை பார்க்கிறான் என்று நினைத்தாள். பிரிண்டர் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு செருப்பு தரையில் உரசித் தள்ளப்படும் சத்தம், காலால் புரட்டிப் பார்க்கிறது போல. அவள் பலகையிலிருந்து விலகிக்கொண்டாள். பிறகு பைக் உறுமியது. ஜி.என்.டி. சாலைப் பக்கம், சென்னை போகிற திசையில், சத்தம் தேய்ந்து போனது.

முப்பத்தாறு பக்கமும் அடித்து முடியவில்லை. நான்கு மணிக்குக் கரண்டு போனது. யூபிஎஸ் மட்டும் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. இருட்டில் பிரின்சி வெளியே வரவில்லை. மதன் கூப்பிடவும் இல்லை. கால் மணி நேரம் கழித்து அவன் போய் வாசலில் தூரமாகக் கிடந்த ஒற்றைச் செருப்பையும் மற்றதையும் எடுத்து வந்து துணித்திரைக்கு அடியில் தள்ளினான்.

"வார் அறுந்ததுன்னு சொன்னேன்" என்றான். "புரட்டிப் பாத்தான் சிஸ்டர். நல்லாத்தான் கீதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அந்த ஒரு வரியைப் பிரின்சி கடைசிவரை மறக்கவில்லை. ஜெகன் நம்பித்தான் போனானா, பாதி நம்பாமல் போனானா? சென்ட்ரலில் தேடிவிட்டு, செருப்பை நினைத்துக்கொண்டு திரும்பி வருவானா? அவளுக்குத் தெரியவேயில்லை. அவன் திரும்பி வரவில்லை. மதன் கடை நம்பரை மாற்றினான். டைரியில் இருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் மைபோட்டு அடித்தான். வாசலில் இருந்த போர்டையும் கழற்றிவிட்டான். தூசி படிந்தால் படியட்டும் என்றான்.

பிரின்சி மறுநாளே ஸ்டீவனைப் பழைய இடத்துக்கு வரச் சொல்லிவிட்டு அந்தக் கணக்கை அழித்தாள். மெயிலையும் அழித்தாள். ஆர்குட்டில் வேறு பெயரில் வந்தாள். ஸ்டீவனும் திரும்பி வந்தான். கேம்ப்பில் சிரித்தார்களாம், செத்துப்போன ஊரில் போய்க் குடியிருக்கிறாய் என்று. அவனுக்குப் புதிய இடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள், இங்கே ஒருத்தி. அண்ணனும் தங்கையும் மட்டும், ஆட்கள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போன அந்த இடத்தில், நான்கு வருடம் 'சாப்ட்டியா', 'சாப்ட்டேன்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்ததுதான் அவளுக்குப் பிடித்தது. யாராவது வந்தால் உடனே தெரியும்.

இரண்டாயிரத்துப் பதினான்கு செப்டம்பரோடு அதையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 'இனி எங்க எழுதறது பாப்பா?' என்று ஸ்டீவன் கேட்டான். புதிய இடம் எதுவானாலும் யார் யாரைத் தெரியும் என்றுதான் முதலில் கேட்டது. அவள் பேசாமல் இருந்தாள். அவன் அந்த மௌனத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். அக்டோபரில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டான்.

விமான நிலையத்திலிருந்து நேராகக் கும்மிடிப்பூண்டி அறைக்குத்தான் வந்தான். சோனியா மீன் குழம்பு வைத்திருந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றியவன் அங்கேயே நின்று சுற்றிலும் பார்த்தான்.

"உன் செருப்பு எங்க பாப்பா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவன் தாளைப் பிரித்து, செருப்பை வாங்கிக்கொண்டு போய்த் தன் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தான். "நான் கீறேன் இல்ல" என்றான். "இனிமே இங்கயே இருக்கட்டும்."

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஸ்டீவன் கேம்ப்பு சமையல்காரனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தான். பிரின்சியும் சிரித்தாள். தெருமுனையில் ஒரு பைக் திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் வலது காது அந்தப் பக்கம் போனது. சத்தம் தாண்டிப் போயிற்று. இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு எச்சில் கையோடு எழுந்து போய், இடது கையால் தன் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். ஒரு கணம் நின்று யோசித்தாள். திரும்பிப் போய் அண்ணனின் ஷூவையும் எடுத்து வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.